ஹத்துசா, கலரில் ஆறு பக்கம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குக் கீழே
அடகுக்கடைக்கும் மீன்கடைக்கும் நடுவில்
என் போட்டோகொப்பிக் கடை.
சம்பளத்துக்கு முந்திய சனிக்கிழமை.
மழைக்கு ஒதுங்கியவர்கள் தவிர யாரும் இல்லை.

நிதர்ஷனி பென்டிரைவை நீட்டினாள்.
ஒன்பதாம் வகுப்பு, வரலாற்று ஒப்படை.
"ஹத்துசா அக்கா. ஆறு பக்கம். கலர் எவ்வளவு?"
ஹட்டனா என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
"துருக்கியில இருக்கு. ஹத்தி ராசாக்களோட ஊரு."

நீல மை தீர்ந்திருந்தது.
சிங்க வாசலின் சிங்கங்கள் இரண்டும்
செங்காவி நிறத்தில் இறங்கின,
திறந்த வாய் திறந்தபடி.
"வெயில் நேரத்துப் படம்னு சேர் நினைச்சுக்குவாரு."

மூன்றாம் பக்கத்தில் கோயில் களஞ்சியம்:
ஆள் உயரச் சாடிகள், கழுத்துவரை மண்ணில்,
வரிசையாய்.
நான்காம் பக்கத்தில் ஒரு பச்சைக்கல்.
சதுரமாய், வழுவழுப்பாய்,
எதற்கென்று இன்றுவரை யாருக்கும் தெரியாதாம்.
என் மெஷினில் அது மஞ்சளாய் வந்தது.
கெட்டுப்போன தாள் என்று ஒதுக்கி வைத்தேன்.

அப்புறம் கரண்ட் போனது.

இருட்டில், போன் வெளிச்சத்தில்,
ஐந்தாம் பக்கத்தை அவளே வாசித்தாள்,
வகுப்பில் வாசிக்கிற குரலில்:
ராசாக்கள் முதலில் போய்விட்டார்கள்.
எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள்.
வெறும் ஊரைத்தான் தீ தின்றது.
மூட்டியவர் யாரென்று தெரியாது.
களிமண் பலகைகளைத் தூக்கிப்போக முடியவில்லை போல.
எந்தத் தெய்வத்துக்கு எத்தனை ரொட்டி,
யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள்,
அதற்கு எந்த மலை, எந்த மேகம் சாட்சி,
எல்லாம் பச்சை மண்ணில் கீறியது.
தீயில் அது வெந்தது.
வெந்ததால் மிஞ்சியது.

நிறுத்தினாள்.
"போன மாசம் எங்க லயத்துல
பதினோரு காம்பரா எரிஞ்சுச்சு அக்கா.
எல்லாம் பேப்பர்.
நாங்களும் மண்ணுலதான் எழுதியிருக்கணும்."

பகிடியாய்த்தான் சொன்னாள்.
நான் அணைந்துபோன திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் வந்ததும் மெஷின் முதலில் இருமியது.
கொஞ்சம் நில்லு என்றேன்.
அம்மா பெயர் என்ன?

என் கம்ப்யூட்டரில் எதற்கும் பெயர் இல்லை,
ஸ்கேன் நம்பர் மட்டும்.
எதையும் அழிப்பதில்லை; ஒழுக்கம் அல்ல, சோம்பல்.
மேலே தேர்தல் மாதத்து நோட்டீஸ்கள்.
அதற்குக் கீழே பெட்ரோல் வரிசைக் காலத்துக் கடிதங்கள்.
இன்னும் கீழே, கொரோனாவில்,
ஐயாயிரம் ரூபாய்க்கு வந்து நின்ற ஊர் முழுக்க.

அங்கே கிடந்தது.
சரிந்து விழுந்த ஒரு பிறப்புச் சாட்சிப்பத்திரம்,
ஓரத்தில் என் பெருவிரல்.
விஜயகுமாரியை விஜேகுமாரி ஆக்கிய
பதிவாளரின் பிழைகூட
அழியாமல் இருந்தது.
பதிவு இலக்கம் தெளிவாகத் தெரிந்தது.

கச்சேரியில் இது செல்லாது என்பார்கள்.
இலக்கம் இருந்தால் பெரிய புத்தகத்தில் தேடலாம்,
தேட மனசிருந்தால்.
அதையும் சொல்லித்தான் கொடுத்தேன்.
அவள் தாளை வாங்கி
பிழையான பெயரை இரண்டு தரம் வாசித்தாள்.
ஒப்படையை மறந்து படியிறங்கி
திரும்பி ஓடிவந்தாள்.

அன்றிரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தோண்டினேன்.
எட்டுக் காம்பராக்காரர்கள் கிடைத்தார்கள்:
ஒரு கல்யாணப் பதிவு, மூன்று அடையாள அட்டை,
பாதி வெட்டுப்பட்ட ஈ.பி.எஃப். தாள்,
எவருடையதோ ஒரு குழந்தையின் தடுப்பூசி அட்டை.
இரண்டு வீட்டுக்காரர்கள் வேறு கடைக்குப் போயிருக்கலாம்.

கடைசிக் காம்பரா பாக்கியநாதனுடையது.
அவர் ஒருநாளும் எதையும் கொப்பி எடுத்ததில்லை.
எடுக்க அவரிடம் ஒன்றும் இருந்ததில்லை என்கிறாள் நிதர்ஷனி.

மஞ்சள் கல்லைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன்.
வருகிறவர்கள் கேட்கிறார்கள், இது என்ன என்று.
பச்சை என்கிறேன்.